கரடியும் நுளம்பும் ஓய்வூதியர் சங்கமும்

அரசாங்கம் என்னை அறுபது வயதில் வீட்டுக்கு அனுப்பியபோது, இனி வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கும் போகத் தேவையில்லை என்று நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கூட்டறிக்கை எழுதத் தெரிந்த ஒருவனைத் திருகோணமலையில் யாரும் சும்மா இருக்க விடமாட்டார்கள். ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு என்னை முன்மொழிந்தபோது நான் வாயைத் திறந்தது மறுப்பதற்குத்தான். அதை ஏற்புரை என்று பதிந்துவிட்டார்கள்.

சங்கம் மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் கூடும். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு பழைய மண்டபம். வெளியே எப்போதும் நாலைந்து மான்கள் நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் அவற்றைப் படம் எடுப்பார்கள். நாங்கள் வடைப் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைப்போம். நிகழ்ச்சி நிரல் மாறாது. மௌன அஞ்சலி, சென்ற கூட்டத்தின் அறிக்கை, பிறகு ஒரு விரிவுரை. விரிவுரையை ஒழுங்கு செய்வது பொருளாளர். அவர் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே ஒரு மாதம் நீரிழிவு, அடுத்த மாதம் இரத்த அழுத்தம், அதற்கடுத்த மாதம் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒரே ஆளுக்கு வந்தால் என்ன செய்வது. வெட்டி எடுக்கப்பட்ட கால்விரல் ஒன்று திரையில் கட்டாயம் வரும். அதைப் பார்த்த பிறகுதான் வடையும் தேத்தண்ணியும். தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது.

இதைச் சில வருடம் பொறுத்திருந்துவிட்டு, போன வருடம் ஒரு கூட்டத்தில் எழுத்து மூலம் ஒரு பிரேரணை வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அமெரிக்கக் கார்ட்டூன் படங்களின் வரலாற்றுக்கு ஒதுக்க வேண்டும். விரிவுரை நான் செய்வேன், பிறகு படமும் காட்டப்படும்.

“செயலாளர், ஒரு சின்ன விளக்கம்,” என்றார் பொருளாளர். “காட்டூன் பாத்தாச் சீனி இறங்குமோ?”

“இவ்வளவு விரிவுரை கேட்டு ஆருக்கு இறங்கினது?”

“அது சின்னப் பிள்ளையளின்ர சாமான். நாங்கள் பேரப்பிள்ளை கண்ட ஆக்கள்.”

“அதைக் கீறி வரைஞ்சது ஒரு சின்னப் பிள்ளையும் இல்லை.”

தலைவர் மேசையை விரலால் தட்டினார். எங்கள் தலைவர் கிண்ணியாக்காரர். மாவட்டத்தில் பெரிய நிருவாகப் பதவிகளில் இருந்தவர். மண்டபத்தில் அரைவாசிப் பேர் ஒருகாலத்தில் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள், நானும்தான். அவர் தும்மினால்கூடக் குறிப்பெடுக்கலாமா என்று யோசிப்போம்.

“ஒருக்காப் போட்டுப் பாப்பம்,” என்றார். “முடிஞ்ச உடன கையை உசத்தி வாக்கெடுப்பு. கூடின பேருக்குப் பிடிச்சா மாதாமாதம் வைப்பம். பிடிக்கல்லெண்டா விரிவுரைதான். பிறகு இந்தக் கதையை இந்த வருசம் திரும்ப எடுக்க ஏலாது.”

பொருளாளர் வெற்றி பெற்றவர் போலத் தலையாட்டினார். அவருக்கு எங்கள் உறுப்பினர்களைத் தெரியும். சங்கத்தின் ஆண்டு விருந்தில் நகைச்சுவை நிகழ்ச்சி செய்ய வந்த ஒருவர், யாரும் சிரிக்காததால் பாதியில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனதை அவரும் பார்த்தவர்.

எனக்கு இந்த வாக்கெடுப்பில் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்ல வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நகரத்துத் திரையரங்கில் ஆங்கிலப் படம் தொடங்குவதற்கு முன் ஒரு கார்ட்டூன் போடுவார்கள். என் தகப்பனார் படத்துக்குக் காசு கொடுத்தால் படத்துக்குத்தான் போவார். அதற்கு முன்னால் வருவது எல்லாம் அவருக்கு விளம்பரம். ஆகவே நாங்கள் இருட்டுக்குள் தடவிக் கதிரை பிடிக்கும்போது கார்ட்டூனின் வால் மட்டும் திரையில் இருக்கும். யாரோ எதற்கோ அடிபட்டு, தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்க, சனம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும். என்ன நடந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரியாது.

முழுதாக ஒன்றைப் பார்த்தது பிரச்சினைக் காலத்தில். மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. நிவாரணப் பொருள் பங்கிடப் போயிருந்தேன். லொறி வரவில்லை. எங்கள் சாரதி யாரிடமோ ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி ஜீப் பற்றரியில் கொழுவினார். கறுப்பு வெள்ளைப் பெட்டி, அரைவாசி புள்ளிதான். பின்னேரச் சிறுவர் நேரத்தில் ஒரு கார்ட்டூன் வந்தது. அதில் பேச்சே இல்லை, ஓட்டமும் விழுகையும்தான். வகுப்பறையில் தமிழ்க் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் அவரவர் மூலையில் இருந்தார்கள். யன்னலுக்கு வெளியே காவலுக்கு நின்ற சிங்கள இராணுவப் பொடியன் துவக்கோடு எட்டிப் பார்த்தான். எல்லோரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். நான் காலம் முழுக்க மூன்று மொழியிலும் சுற்றறிக்கை அனுப்பியவன். மூன்று இனத்தவரும் ஒரே வினாடியில் விளங்கிக்கொண்ட ஒன்றை அன்றுதான் கண்டேன். அடுத்த நாள் காலை ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளுவதற்குக் கூப்பிட முன்னமே ஆட்கள் வந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு இந்தப் படங்களைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். மண்டபத்தில் வந்து குந்துகிறவர்களும் அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள்தான். அந்தச் சிரிப்பை, யன்னலில் துவக்கு இல்லாமல், என் சொந்த ஊரில் ஒருக்கால் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை ஒரு வாக்கெடுப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஆயத்தங்களை முறைப்படி செய்தேன். காப்புரிமை காலாவதியான பழைய படங்களாக இரண்டைத் தெரிந்தெடுத்தேன். கனடாவில் உள்ள மகள் அவற்றை எப்படி இறக்குவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள். என் மனைவி கணித ஆசிரியையாக இருந்தவள். மடிக்கணினி அவளுடைய கையில்தான். எனக்குத் தொட அனுமதி இல்லை.

“இஞ்சருங்கோ, உங்கட பேச்சு எத்தினை பக்கம்?” என்று கேட்டாள்.

“சுருக்கமாத்தான் எழுதியிருக்கிறன்.”

“சுருக்கம் முடிய முன்னம் எல்லாரும் நித்திரையாப் போயிடுவினம். பேசாமல் படத்தைப் போடுங்கோ.”

“வரலாறு தெரியாமல் பாத்தால் அது வெறும் பம்பலும் சிரிப்பும்.”

“வேற என்னத்துக்குப் பாக்கிறது?” என்றாள். நீளமான ஒரு பந்தியை வெட்டினேன்.

அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். மாதாந்தக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூட என்னுடைய தோல்வியைப் பார்க்க வந்திருந்தார்கள். தலைவர் முன்வரிசை நடுவில், அவருக்கு வலது பக்கம் பொருளாளர், இடது பக்கம் ஓய்வு பெற்ற மகளிர் பாடசாலை அதிபர். அவரை நாங்கள் எல்லோரும் இன்னும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

நான் தொடங்கினேன். இந்தப் படங்கள் முதலில் தொலைக்காட்சிக்குச் செய்யப்பட்டவை அல்ல, திரையரங்குக்குச் செய்யப்பட்டவை என்றேன். பெரிய படத்துக்கு முன்னால், செய்திப் படத்தோடு சேர்த்து, ஒரு ஏழு நிமிடம். வயது வந்தவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்த்தார்கள். ஒரு வினாடிக்கு இருபத்து நாலு படச்சட்டம் ஓட வேண்டும். அதற்கான உருவங்களை மனிதர்கள் கையால் கீறினார்கள். பின்னணியை ஒருதரம் வரைந்து வைத்துவிட்டு, அசைகிற உருவத்தை மட்டும் கண்ணாடி போன்ற தாளில் கீறி அதன்மேல் வைத்துப் படம் பிடித்தார்கள். துரத்தல் காட்சியில் ஒரே கதவும் ஒரே விளக்கும் திரும்பத் திரும்ப வருவது அந்தப் பின்னணியைச் சுற்றிவிட்டுப் பாவிப்பதால்தான்.

“சிக்கனம்,” என்றார் தலைவர், அங்கீகரிக்கும் குரலில்.

அந்தத் தாள்களில் மையும் நிறமும் போட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். வரிசை வரிசையாக மேசையில் இருந்து செய்தார்கள் என்றேன்.

“படத்தில அந்தப் பிள்ளையளின்ர பேர் போட்டவையோ?” என்று மிஸ் கேட்டார்.

“பொதுவா இல்லை, மிஸ்.”

“நினைச்சனான்.”

கீறுகிறவர்கள் தங்கள் மேசையில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள், கோபம் வேண்டும் என்றால் கண்ணாடியில் தாங்களே கோபப்பட்டுப் பார்த்துக் கீறுவார்கள் என்று சொன்னேன். உடனே பின்வரிசையில் யாரோ, எங்கள் பழைய காரியாலயத்திலும் ஒரு பெரியவர் அப்படித்தான் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறவர் என்றார். தலைவர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசை கூரையைப் பார்த்தது. ஒரு கார்ட்டூன் தயாரிப்புக் கூடத்தில் கறையான் பிடித்த மரக்கட்டடத்தில் இருந்துதான் நல்ல படங்களைச் செய்தார்கள் என்றபோது, எந்தெந்தத் திணைக்களத்தில் எவ்வளவு கறையான் இருந்தது என்று ஒரு கருத்துப் பரிமாறல் நடந்தது. ஒரு பெரிய கூடத்தில் கீறுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றபோது பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பழைய தொழிற்சங்கக்காரர்.

“அவைக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இருந்ததோ?”

“அதுவும் ஒரு பிரச்சினைதான்.”

“நியாயமான போராட்டம். கடைசியில குடுத்தவையோ இல்லையோ?”

நான் அந்தப் பந்தியைக் கைவிட்டு அடுத்ததுக்குப் போனேன். கார்ட்டூன் உருவங்களின் கையில் ஐந்து விரல் இருக்காது, நாலுதான் இருக்கும். ஆயிரக்கணக்கான தடவை கீற வேண்டிய கையில் ஒரு விரலைக் குறைத்தால் எவ்வளவு வேலை மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

“நாலு விரலோ?” என்றார் பொருளாளர். “அப்ப அவைக்குச் சீனி இருந்திருக்கு. கவனிக்காமல் விட்டிட்டினம்.”

மண்டபம் கலகலத்தது. ஆளாளுக்குத் தங்கள் சீனி அளவைச் சொல்லத் தொடங்கினார்கள். என்னுடைய மாலை என் கண்முன்னே நீரிழிவு விரிவுரையாக மாறிக்கொண்டிருந்தது. நான் நாற்பது வருடப் பழக்கத்தில் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். தலைவரைப் பார்த்து, சபையின் ஒழுங்கை நிலைநாட்டித் தருமாறு முறைப்படி கேட்டேன்.

தலைவர் எழுந்தார். “செயலாளர்ட வேண்டுகோளை ஏத்துக்கொள்றன். இனி நிகழ்ச்சி முடியும் வரைக்கும் சபையில ஒரு சத்தமும் இருக்கப்படாது. கேள்வி, கருத்து எல்லாம் கடைசியில. இது தலைவர்ட தீர்ப்பு.”

மண்டபம் அடங்கியது. நான் நன்றி சொல்லி, தொலைக்காட்சி வந்ததும் திரையரங்குகள் கார்ட்டூனைக் கைவிட்டதையும், பிறகு செலவைக் குறைக்க வாய் மட்டும் அசையும் படங்கள் வந்ததையும் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு மனைவிக்குக் கை காட்டினேன். யன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள்.

முதலாவது படம் ஒரு கரடியையும் ஒரு நுளம்பையும் பற்றியது. கரடி குளிர்கால நித்திரைக்குப் போகிறது. நுளம்பு காதுக்குள் ரீங்காரமிட்டுக் கடிக்க வருகிறது, விடுவதாக இல்லை. நுளம்பின் பாட்டுக்கு ஒரு வயலின், கரடியின் நடைக்கு ஒரு பெரிய ஊதுகுழல். கரடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு சுரம் உண்டு. கரடி நுளம்பை அடிக்கப் போய்த் தன் மூக்கை அடிக்கிறது, கட்டிலை உடைக்கிறது, கூரையைப் பெயர்க்கிறது. கடைசியில் வீட்டைத் தூக்கிக்கொண்டு மலை விளிம்பைத் தாண்டி ஆகாயத்தில் நடக்கிறது. கீழே பார்க்கும் வரை விழுவதில்லை. அது இந்தப் படங்களின் சட்டம்.

கரடி கீழே பார்த்தது. விழுந்தது.

மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

நான் திரைக்குப் பக்கத்தில், இருட்டில் நின்றேன். உலகம் முழுக்கச் சிரித்த ஒன்றைத் திருகோணமலை ஓய்வூதியர் சங்கம் மௌன அஞ்சலி போலப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அதுதான் கிடைத்த ஒரே பாராட்டு. படம் முடிந்தது. மனைவி மடிக்கணினி வெளிச்சத்தில் என்னைப் பார்த்தாள். வருத்தமான செய்தி கொண்டு வந்த ஆட்களைப் பார்க்கிற பார்வை. இனி வருடம் முழுக்கக் கால்விரல்தான் என்று எனக்கு நிச்சயமாயிற்று.

“அடுத்ததையும் போடும்,” என்று மெதுவாகச் சொன்னேன். “முறைக்கு.”

இரண்டாவது படத்தில் ஒரு காகம் ஏணியில் நின்று வீட்டுக்கு வர்ணம் பூசுகிறது. ஏணிக்குக் கீழே ஒரு ஆடு ஏணியைத் தின்கிறது. நான் படத்தைப் பார்க்கவில்லை. தோல்வியை நேரே பார்த்துவிடலாம் என்று சபையின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளை வர்ணம் திரை முழுக்கக் கொட்டியபோது மண்டபம் வெளிச்சமாகியது.

பின்வரிசையில் ஒருவர் கைலேஞ்சியை வாய்க்குள் திணித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் முன்கதிரையைக் கட்டிப் பிடித்துக் குலுங்கினார். கதிரை வரிசைகள் முழுவதும் ஆடிக்கொண்டிருந்தன. மிஸ் சேலைத் தலைப்பால் முகத்தை முழுதாக மூடியிருந்தார்; தலைப்பு உள்ளேயும் வெளியேயும் போய் வந்தது. பொருளாளர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரையைப் பார்த்தால் ஆபத்து என்று தெரிந்தவர் போல. தலைவர் நேராக, அசையாமல், கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதே நிலையில் இருந்தார். கண்ணீர் மட்டும் இரண்டு கன்னத்திலும் ஓடித் தாடிக்குள் போனது.

அவர்கள் தீர்ப்பை அமுல்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

வேறு எந்தச் சபையாக இருந்தாலும் முதல் நிமிடத்திலேயே தீர்ப்பு உடைந்திருக்கும். இது வாழ்நாள் முழுக்க மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து, அதற்காக ஓய்வூதியம் பெறும் சபை. உத்தரவைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஆடு ஏணியின் கடைசிப் படியையும் தின்றது. காகம் ஏணி இல்லாததைக் கவனிக்காமல் வர்ணம் பூசிக்கொண்டிருந்தது. அப்போது மிஸ் ஒரு கையால் தலைப்பைப் பிடித்தபடி மற்றக் கையை உயர்த்தினார். தலைவர் வாயைத் திறக்கப் பயந்து தலையை மட்டும் அசைத்தார். மனைவி படத்தை நிறுத்தினாள்.

“தலைவர் அவர்களே,” மிஸ்ஸின் குரல் நடுங்கியது. “ஒழுங்குப் பிரச்சினை. சிரிப்பு, சத்தம் எண்டதுக்குள்ள அடங்குமோ?”

தலைவர் மிகவும் பாடுபட்டுப் பேசினார். “செயலாளர் விளக்கம் சொல்லட்டும்.”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. “அடங்கும்,” என்றேன். பொய் சொல்ல முடியாது. “ஆனால் தலைவர் தன்ர தீர்ப்பைத் தானே திருத்தலாம். அல்லது சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். அதை ஒருவர் முன்மொழிய வேணும், இன்னொருவர்—”

“முன்மொழியிறன்,” என்றார் மிஸ்.

“கெதியா வழிமொழியுங்கோவன் ஆராவது,” என்றார் பொருளாளர். “எனக்கு நெஞ்சு நோகுது.”

“நீங்களே வழிமொழியலாம்.”

“வழிமொழிஞ்சன், வழிமொழிஞ்சன்.”

“ஒரு திருத்தம்,” என்று பின்வரிசை எழுந்தது. கணக்குப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். “தீர்மானம் முந்தின படத்தையும் சேர்த்துப் பின்திகதியில இருந்து அமுலுக்கு வர வேணும். கரடிக்குரிய நிலுவை எங்களுக்கு இன்னும் கிடைக்கேல்லை.”

தலைவர் தீர்ப்பை வாபஸ் பெறுவதாகச் சொல்லத் தொடங்கினார். ‘வாபஸ்’ வரைக்கும்தான் போனார். அதற்குப் பிறகு அவரிடம் இருந்து வந்த சத்தத்தை நான் அவருக்குக் கீழே வேலை செய்த காலம் முழுவதிலும் கேட்டதில்லை. வண்டிச் சில்லு கல்லில் ஏறியது போல ஒரு தொடக்கம், பிறகு மண்டபம் முழுவதும். வெளியே மான்கள் சிதறி ஓடின. மனைவி கரடியை முதலில் இருந்து போட்டாள். இந்தமுறை வயலின் கேட்கவில்லை, ஊதுகுழல் கேட்கவில்லை. கரடி இன்னும் விழவே இல்லை, அது கீழே பார்க்கப்போகிறது என்று தெரிந்தே சிரித்தார்கள். பொருளாளர் என் தோளைப் பிடித்து, “பாக்காத, பாக்காத, கீழ பாக்காத,” என்று கரடியிடம் கெஞ்சினார்.

கரடி பார்த்தது. நான் திரையைப் பார்க்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். யன்னல் திரை இடுக்கில் ஒரு மான் மட்டும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தது.

வாக்கெடுப்பில் கைகளை எண்ணத் தேவைப்படவில்லை. பொருளாளரின் கையும் மேலே இருந்தது. ஆனால் மருந்தாளர் மருந்தாளர்தான். கையை இறக்காமலே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

“செயலாளர் சொன்னவர், அந்தக் காலத்தில பெரிய படத்துக்கு முன்னம் ஏழு நிமிசம் காட்டூன் போட்டவை எண்டு. நாங்கள் மாத்திச் செய்வம். முதல் ஏழு நிமிசம் சீனி வருத்தம். பிறகு காட்டூன்.”

ஏகமனதாக நிறைவேறியது. அன்றைய கூட்டறிக்கையில் நான் எழுதிய தீர்மானங்களில் வெட்டுக் குத்து இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் ஒரு இளம் வைத்தியர் வந்தார். ஏழு நிமிடம்தான் என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கொண்டுவந்த படங்களைக் கைவிட்டு, பலகையில் தானே ஒரு பாதத்தை அவசரமாகக் கீறினார். நல்ல பாதம். குதிக்கால் இருந்தது, நரம்பு இருந்தது, விரல் நாலு இருந்தது.

அன்றைக்குத் தலைவரின் தீர்ப்பு எதுவும் அமுலில் இருக்கவில்லை. முதலில் சிரிக்கத் தொடங்கியது பொருளாளர்தான்.